உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்: சத்திரசிகிச்சைக்குக் குழந்தையை ஆயத்தஞ் செய்தல்

எழுத்துகள் பிறக்கும் இடங்கள் யாவை என்பதைத் தமிழிலக்கணம் மிகப் பழைய காலத்திலேயே ஆராய்ந்துள்ளது. தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்திற் பிறப்பியல் என ஓரியல் இதற்கெனவே அமைந்துள்ளமை மாணவர் யாவரும் அறிந்ததே. உந்தியினின்று எழுங் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளின் தொழிலால் வேறுவேறு எழுத்தாகப் பிறக்கும் என்பது அவ்வியலின் கருத்து. இவ்வெட்டனுள் இதழும் அண்ணமும் பிறவியிலேயே பிளவுற்றிருக்குமாயின் அக்குழந்தையின் நிலை யாது? பால் உறிஞ்சுதல் அதற்கு அரிதாகும். பேச்சுச் சிதையும். வளர்ந்தபின் ஊரார் சொல்லாலும் உடன்பயில்வோர் சிரிப்பாலும் மனம் குன்றும்.

இக்குறையைத் திருத்தும் சத்திரசிகிச்சை இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. ஆயினும் அதன் பயன் சத்திரவைத்தியரின் கைத்திறனில் மட்டும் தங்கியதன்று. கத்தியும் ஊசியும் தொழிற்படும் நேரம் சில மணிக்குள் அடங்கும். அந்நேரத்திற்குக் குழந்தையை உடலாலும் உள்ளத்தாலும் ஆயத்தஞ் செய்யும் காலமோ மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீள்வது. அப்பணி தாய் தந்தையரையும் ஊரவரையும் ஆசிரியரையும் சார்ந்தது. அது சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் தொடங்குவதன்று. குழந்தை பிறந்த அன்றே தொடங்குவது.

பிளவு தோன்றும் வகை

கருவில் முகமானது ஒரே பிண்டமாகத் தோன்றி வளர்வதில்லை. இருபக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் வளர்ந்து வரும் மடல்கள் ஒன்றையொன்று சந்தித்து ஒட்டுவதாலேயே முகம் உருப்பெறுகின்றது. மேலுதடு ஏறத்தாழ 4ஆம் வாரத்திற்கும் 7ஆம் வாரத்திற்கும் இடையிலும், அண்ணம் 6ஆம் வாரத்திற்கும் 9ஆம் வாரத்திற்கும் இடையிலும் இவ்வாறு பொருந்துகின்றன. ஏதேனும் ஒரு காரணத்தால் இப்பொருத்தம் நிறைவுறாது போனால் உதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவு எஞ்சுகின்றது. உலகெங்கும் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் இது காணப்படுகின்றது. உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடத்தும், அண்ணம் மட்டும் பிளவுறுதல் பெண் குழந்தைகளிடத்தும் மிகுதி. உதட்டின் ஒருபக்கம் மட்டும் பிளவுறுங்கால் அது வலப்பக்கத்தினும் இடப்பக்கத்திலேயே மிகுதியாக நேர்கின்றது.

பரம்பரைக் கூறுகளும் கருப்பகாலச் சூழலும் சேர்ந்தே இதனை விளைவிக்கின்றன என்பது அறிவியலார் முடிபு. தாய் புகைபிடித்தல், நீரிழிவு, வலிப்புக்கு வழங்கும் சில மருந்துகள் என்பன அச்சூழற் காரணங்களுட் சில. ஒரு குழந்தை பிளவுடன் பிறந்த குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கும் அது நேரும் வாய்ப்பு 100க்கு 2 முதல் 5 வரையென மதிப்பிடுவர்.

தமிழ்க் கிராமங்களில் இதற்குக் கூறப்படும் காரணம் வேறு. கருவுற்ற பெண் கிரகண வேளையில் வெளியே வந்தாள் என்பர். அவ்வேளையிற் கத்தியெடுத்துக் காய் நறுக்கினாள் என்பர். கிரகண மூளி என்னும் பெயரும் இந்நம்பிக்கையிலிருந்து பிறந்ததே. சிறிது சிந்திப்பின் இதன் பொருந்தாமை விளங்கும். கிரகணம் ஓர் ஊர் முழுவதற்கும் பொதுவானது. அதனால் விளைவதாயின் அவ்வாண்டு அவ்வூரிற் பிறந்த குழந்தைகள் பலரிடத்தும் காணப்படல் வேண்டும். மேலும், அண்ணம் பொருந்தி முடியும் 9ஆம் வாரத்திற்குள் பல தாய்மார் தாம் கருவுற்றமையை ஊரறியச் சொல்லியிருப்பதே இல்லை. இந்நம்பிக்கையின் தீங்கு அதன் பிழையோடு முடிவதன்று. அது பழியைத் தாயின்மேற் சுமத்துகின்றது. பழி சுமந்த தாய் குழந்தையை முந்தானையால் மூடி மறைக்கின்றாள். வைத்தியரிடம் கொண்டுசெல்லக் கூசுகின்றாள். ஆதலின் தாய் குற்றமற்றவள் என்று வீட்டார் வாய்திறந்து சொல்லுதலே முதலாவது ஆயத்தம் எனலாம்.

அண்ணமும் வல்லினமும்

உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரிவது. அண்ணப் பிளவு வாய்க்குள் மறைந்திருப்பது. ஆயினும் பேச்சைச் சிதைப்பது பெரும்பாலும் மறைந்திருக்கும் பிளவே. அண்ணத்தின் முற்பகுதி என்பாலானது, அது வல்லண்ணம். பிற்பகுதி தசையாலானது, அது மெல்லண்ணம். மெல்லண்ணம் மூக்கிற்கும் வாய்க்கும் இடையே ஒரு கதவு போன்றது. அது மேலெழுந்து மூக்குவழியை அடைத்தால் காற்று வாயில் நெருக்குண்டு வல்லோசை பிறக்கும். அது தாழ்ந்து வழிவிட்டால் காற்று மூக்கிற் சென்று மெல்லோசை பிறக்கும். ககரமும் ஙகரமும், டகரமும் ணகரமும், தகரமும் நகரமும், பகரமும் மகரமும் இணையிணையாக ஓரிடத்திற் பிறப்பன. ஒவ்வோரிணையையும் வேறுபடுத்துவது மூக்குவழி அடைபட்டதா, திறந்ததா என்பதே.

அண்ணம் பிளவுற்ற குழந்தைக்கு இக்கதவு மூடுவதில்லை. ஆதலின் வல்லினம் யாவும் மெல்லினத்தின் சாயல் பெறுகின்றன. ‘பல்’ என்பது ‘மல்’ போலவும், ‘பாடம்’ என்பது ‘மாணம்’ போலவும், ‘தம்பி’ என்பது ‘நம்மி’ போலவும் கேட்கும். குழந்தையின் அறிவிற் குறையில்லை, செவி பெரிதும் கேட்கின்றது, நாவும் அசைகின்றது, காற்று மட்டும் நில்லாது ஒழுகிவிடுகின்றது. இதனினும் கவலைக்குரியது அடுத்து நிகழ்வது. வாயில் நிறுத்த இயலாத காற்றைக் குழந்தை தொண்டையிலேயே வெட்டி நிறுத்தப் பழகிக்கொள்கின்றது. ஒருமுறை வேரூன்றிய அப்பழக்கம், பின்னர் அண்ணம் மூடப்பெற்றாலும் தானாக நீங்குவதில்லை.

காலி நகரில் அறியப்பட்ட உண்மை

இவ்வுண்மைக்குரிய சிறந்த சான்று இலங்கை மண்ணிலேயே கிடைத்தது. 1980களின் நடுப்பகுதியில் இலண்டன் கிறேற் ஓர்மண்ட் ஸ்திறீற் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த பற்சீரமைப்பு நிபுணர் மைக்கல் மார்ஸ் என்பார் ஒரு வைத்தியக் குழுவோடு காலிக்கு வந்து, உள்ளூர் வைத்தியருடன் சேர்ந்து பிளவுற்றோர்க்குச் சிகிச்சையளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கினார். அங்கு அவர்களிடம் வந்தோருட் பலர் கைக்குழந்தைகளல்லர். அதுகாறும் எச்சிகிச்சையும் பெறாது வளர்ந்துவிட்ட இளைஞரும் பெரியவரும் ஆவர். மேலைநாடுகளில் அத்தகையோரைக் காண்பது அரிது. ஆதலின் அவர்களை ஆராய்ந்ததால் உலகிற்கே பயன்படும் இரண்டு முடிவுகள் கிடைத்தன.

முதலாவது, சிகிச்சை பெறாது வளர்ந்தோரின் மேற்றாடை பெரும்பாலும் நன்கு வளர்ந்திருந்தது. முகத்தின் நடுப்பகுதி குன்றுதற்குப் பிளவு மட்டும் காரணமன்று; இளமையிற் செய்யும் சத்திரசிகிச்சையின் வடுவும் காரணம் என்பது இதனாற் புலனாயிற்று. இரண்டாவது பேச்சைப் பற்றியது. பேச்சுச் சிகிச்சையாளர் டெபி செல், பமெலா கிறன்வெல் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இளமைப் பருவத்தைக் கடந்து அண்ணம் மூடப்பெற்றவர்களுட் பெரும்பாலானோரின் பேச்சுத் திருந்தவில்லை எனக் காட்டினர். அண்ணம் மூடியது, ஆயினும் பழகிய நா மாறவில்லை.

ஒரு தட்டில் முகத்தின் வளர்ச்சி, மறுதட்டிற் பேச்சின் தெளிவு என இவ்விரண்டு முடிவுகளும் தராசுத் தட்டுகள் போன்றன. மிக முந்தினால் வளர்ச்சி தடைப்படலாம். மிகப் பிந்தினாற் பேச்சு மீளாது போகலாம். ஆதலாலேயே உதட்டுச் சத்திரசிகிச்சையை 3 முதல் 6 மாதத்திலும், அண்ணச் சத்திரசிகிச்சையை ஏறத்தாழ 9 முதல் 18 மாதத்திலும் செய்தல் நலமென நிபுணர் பலர் கொள்வர். குழந்தை முதற்சொற்களைச் சொல்லத் தொடங்கும் பருவமும் அதுவே. காலம் தவறவிட்ட பின்னரும் சிகிச்சை பயனற்றதன்று. உதட்டை எவ்வயதிலும் திருத்தலாம். அண்ணத்தை மூடுவதால் உணவு மூக்கில் ஏறுதல் நிற்கும். இழந்த பேச்சை முற்றாக மீட்டல்தான் அரிது.

தொலைவும் தொடக்கமும்

இக்காலக் கணக்கை நகரத்திற் கடைப்பிடித்தல் எளிது. கதிரவெளி போன்ற ஊர்களில் அதற்கு முன்யோசனை வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடவெல்லையில், வெருகலாற்றை அடுத்துக் கடலோரமாக அமைந்த அவ்வூர் கோறளைப்பற்று வடக்குப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வயலும் கடலுமே மக்களின் வாழ்வு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு 70 கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் நேர்ந்த இடப்பெயர்வும் அப்பகுதியை நிலைகுலையச் செய்தன. இருப்பிடமே நிலையாத காலத்தில் மாதக் கணக்கைப் பார்த்து வைத்தியம் செய்தல் எங்ஙனம் இயலும்? இன்று பாதை செப்பனிடப்பட்டுப் பாலமும் அமைந்துள்ளமையால் பயணம் முன்னையினும் எளிது. ஆயினும் ஒருநாட் கிளினிக்குக்குச் சென்றால் அந்நாட் கூலி போய்விடும் என்னும் உண்மை மாறவில்லை. குழந்தை பிறந்தவுடன் கணக்கிட வேண்டியவற்றுள் இச்செலவும் ஒன்று.

குழந்தையை முதலிற் பார்த்து வழிகாட்டக்கூடியவர் வீடுதோறும் வந்துசெல்லும் குடும்பநல மாதேயாவார். அவர் பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டிற் பிளவைக் குறித்து, உரிய நிபுணரிடம் செல்லுதற்கு வழிசெய்வார். அப்பதிவேட்டை ஓர் உறுதிப்பத்திரம் போலப் பேணுதல் வேண்டும். எடை, தடுப்பூசி, முன்னைய சிகிச்சை யாவும் அதிலேயே காணப்படும்.

இந்தியாவின் உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் மாவட்டத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த பிங்கி என்னும் சிறுமி வாரணாசியிற் சிகிச்சை பெற்ற வரலாறு ‘ஸ்மைல் பிங்கி’ என்னும் ஆவணப் படமாகி, 2009இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. அப்படத்திற் சத்திரவைத்தியரைப் போலவே பெரும்பணி செய்பவர், ஊரூராகச் சென்று பிளவுற்ற குழந்தைகளைத் தேடிப் பெற்றோரை இணங்கச் செய்யும் சமூக ஊழியர் ஆவார். வைத்தியசாலை எங்கோ இருப்பது போதாது. அதனைப் பற்றிய செய்தி வீட்டு வாயிலுக்கு வருதல் வேண்டும்.

உணவே முதல் ஆயத்தம்

சத்திரசிகிச்சைக்குக் குழந்தை தகுதியுற்றதா என்பதை அளக்க வைத்தியர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் எளிய விதியொன்று உண்டு. வயது 10 வாரம், எடை 10 பவுண், அஃதாவது ஏறத்தாழ 4½ கிலோகிராம், இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் ஈமோகுளோபின் என்னும் மூன்றும் நிறைந்தால் உதட்டைத் திருத்தலாம் என்பது அது. இம்மூன்றனுள் வயது தானே வருவது. ஏனைய இரண்டும் உணவால் வருவன.

உதடு மட்டும் பிளவுற்ற குழந்தைகளுட் பெரும்பாலானவை தாய்மார்பிலேயே பால் குடிக்க வல்லன. அண்ணம் பிளவுற்ற குழந்தையால் வாயில் உறிஞ்சுவிசையை உண்டாக்க இயலாது. வைக்கோற் குழாயில் ஓட்டையிருந்தால் இளநீர் ஏறாதது போன்றதே இதுவும். இது குழந்தையின் சோம்பலன்று, தாய்ப்பாலின் குறையுமன்று. பாலைப் பீச்சியெடுத்துப் புகட்டுவதே வழி. அதற்குத் தமிழ் வீடுகளில் வழிவழியாக வந்த கருவிகள் உண்டு. பாலாடையும் சங்கும் உறிஞ்சாமலே குழந்தையைக் குடிக்கச் செய்வன. கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்தற்கும் எளியன. சிறு கிண்ணமும் கரண்டியும் அவ்வாறே பயன்படும்.

புகட்டும் முறையிற் கருத்திருத்தல் வேண்டும். குழந்தையைக் கிடத்தாது, தலை உயர நிமிர்த்திப் பிடித்தல் வேண்டும். கிடத்திப் புகட்டினாற் பால் மூக்கிலும் நடுச்செவியிலும் ஏறும். சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுத்தல் நன்று. பிளவின் வழியே காற்று மிகுதியாக உட்செல்வதால் இடையிடையே தோளிற் சாய்த்து ஏப்பம் விடச் செய்தல் வேண்டும். ஒருவேளைப் பால் அரைமணிக்கு மேல் நீளுமாயின் பாலில் வரும் வலுவைக் குழந்தை குடிக்கும் முயற்சியிலேயே செலவிட்டுவிடும். ஆறு மாதத்தின் பின் கஞ்சியும் மசித்த சோறும் பருப்பும் மீனும் கீரையும் பிற குழந்தைகளுக்குப் போலவே கொடுக்கலாம். எடை குறைந்த குழந்தைகளுக்குக் கிளினிக்கில் வழங்கும் திரிபோஷாவும் துணைசெய்யும். எடைக்கோடு மேலேறாது நின்றாற் சத்திரசிகிச்சையின் நாளும் தள்ளிப்போகும். ஆகவே அக்கோட்டை ஏறச்செய்யும் தாயும் சத்திரசிகிச்சைக் குழுவில் ஓர் உறுப்பினளே.

நாட் குறித்த பின்

நாட் குறிக்கப்பட்டபின் கவனிக்க வேண்டியவை சில. சளி, இருமல், காய்ச்சல் இருப்பின் அதனை மறையாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். சளி பிடித்த சுவாசக்குழாய் மயக்கமருந்தின்போது இறுகி மூச்சைத் தடைசெய்யக் கூடும். சில வாரம் பிந்துதல் இழப்பன்று. அண்ணம் பிளவுற்றோர்க்கு நடுச்செவியில் நீர் தங்குதல் மிகப் பொதுவானது. ஆதலிற் செவிப்புலனைப் பரிசோதித்தல் இன்றியமையாதது. சில குழந்தைகளுக்கு இருதயக் குறை முதலியனவும் உடன் இருக்கலாம். அவற்றையும் முன்னரே அறிதல் வேண்டும். வளர்ந்த பிள்ளைக்குச் சொத்தைப் பல் இருப்பின் அதனைத் திருத்தி, வாயைத் தூய்மையாக வைத்திருத்தல் புண் பழுக்காமற் காக்கும். வீட்டிற் கொடுத்துவரும் நாட்டு மருந்தையும் வைத்தியரிடம் தயங்காது சொல்லுதல் வேண்டும்.

இந்து இல்லங்களில் எழும் தடையொன்றும் இவ்விடத்துக் கூறத்தக்கது. வைத்தியசாலை குறித்த நாள் கரிநாளாகவோ அட்டமி நவமியாகவோ அமைந்தாற் சிலர் செல்லாது விடுகின்றனர். ஒருநாள் தவறினாற் காத்திருப்போர் வரிசையிற் பின்தள்ளப்பட்டுப் பல மாதம் கழியலாம். அண்ணத்தைப் பொறுத்தவரை அம்மாதங்கள் பேச்சுக்குரிய மாதங்கள். வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்தலும், குறித்த நாளில் வைத்தியசாலை வாயிலில் நிற்றலும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. இறைவன் அருளை வேண்டி நிற்போர், அவ்வருள் வரும் வழிகளுள் வைத்தியமும் ஒன்றெனக் கொள்ளுதல் சமயத்திற்கு மாறானதன்று.

உள்ளத்தின் ஆயத்தம்

1952இல் ஜேம்ஸ் றொபேற்சன் என்பார் இங்கிலாந்தில் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுக் குழந்தையொன்று தாயைப் பிரிந்து வைத்தியசாலையிற் சில நாட் கழிப்பதை அப்படம் காட்டியது. அழுகை அடங்கிய குழந்தை ஆறுதலடைந்துவிட்டதென அதுவரை எண்ணியோர், அவ்வமைதி ஆறுதலன்று, நம்பிக்கை இழந்த நிலை என்பதை உணர்ந்தனர். 1959இல் வெளிவந்த பிளாற் அறிக்கை, குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்கவும், தாய் உடன் தங்கவும் வழிசெய்ய வேண்டுமென வற்புறுத்தியது. கைக்குழந்தைக்குச் சொல்லால் ஆயத்தமில்லை. தாயின் மணமும் குரலும் கையுமே அதன் ஆயத்தம். வழக்கமான போர்வையோ விளையாட்டுப் பொருளோ உடனிருத்தல் அதற்கு ஆறுதல் தரும்.

சொல்லறியும் பருவத்துப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுதல் வேண்டும். ‘கோயிலுக்குப் போகின்றோம்’ என்றோ, ‘பெரியம்மா வீட்டுக்குப் போகின்றோம்’ என்றோ பொய் கூறி அழைத்துச் செல்லுதல் பெருந்தவறு. பொய் வைத்தியசாலை வாயிலில் வெளிப்பட்டுவிடும். அதன்பின் தாய் சொல்லும் எதனையும் பிள்ளை நம்பாது. பிளவுற்ற குழந்தைக்குச் சத்திரசிகிச்சை ஒன்றோடு முடிவதன்று. இன்று இழந்த நம்பிக்கையை அடுத்த முறை எங்கிருந்து பெறுவது? மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் முன்னரும், அதற்கு மேற்பட்டோர்க்கு ஒருவாரமோ அதற்கு முன்னரோ சொல்லுதல் ஏற்றது. மிக முன்னர்ச் சொன்னாற் சிறுபிள்ளைக்கு அச்சமே நீளும்.

சொல்லும் முறையும் எளிதாதல் வேண்டும். ‘வாயில் உள்ள இடைவெளியை வைத்தியர் தைத்து மூடுவார், அப்போது நீ மருந்தால் நித்திரையாய் இருப்பாய், ஒன்றும் தெரியாது, எழும்போது நோகும், நோவுக்கு மருந்து தருவார்கள், அம்மா அருகில் இருப்பேன்’ என இவ்வளவே போதும். ‘நோகாது’ என்று சொல்லலாகாது. ‘குழப்படி செய்தால் ஊசி போடுவார்’ என வைத்தியரைப் பூச்சாண்டியாக்கும் வழக்கத்தை அறவே கைவிடல் வேண்டும். தான் செய்த பிழைக்குத் தண்டனையாகவே இது நிகழ்கின்றதெனச் சிறுபிள்ளைகள் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று என்பதைக் கேளாமலே எடுத்துரைத்தல் நலம். பாவைக்குக் கட்டுப்போட்டு விளையாடச் செய்தலும், கிண்ணத்தாற் குடிக்க முன்னரே பழக்குதலும், முழங்கை மடங்காதிருக்கச் சில வைத்தியசாலைகளிற் கட்டும் மட்டையை வீட்டிலேயே சிறிது நேரம் அணிவித்துப் பார்த்தலும் அச்சத்தைக் குறைக்கும்.

வெறுவயிற்றின் காரணம்

ஜோன் ஸ்ரீவன்சன் என்னும் கனடிய வைத்திய மாணவர் பிறவியிலேயே மெல்லண்ணம் பிளவுற்றவர். 1819இல் பாரிஸ் நகரிற் பிலிபேர் றூ என்னும் சத்திரவைத்தியர் அப்பிளவைத் தைத்து மூடினார். அக்காலத்து மயக்கமருந்து இல்லை. ஸ்ரீவன்சன் விழித்த நிலையிலேயே அனைத்தையும் பொறுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் மொன்றியலில் வைத்தியக் கல்வி நிறுவியோருள் ஒருவரானார். 1846இல் பொஸ்ரன் நகரில் ஈதரின் பயன் யாவரும் காணக் காட்டப்பட்ட பின்னரே சத்திரசிகிச்சை நோயாளியின் மனவலிமையை நம்பியிராத தொழிலாயிற்று.

மயக்கமருந்து ஒன்றை வேண்டிநிற்கின்றது, அது வெறுவயிறு. மயக்கத்தில் இரைப்பையிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுட் புகுந்தால் உயிருக்கே இடராகும். பொதுவாகக் கட்டியுணவு, பசுப்பால், மாப்பால் என்பவற்றை 6 மணித்தியாலத்திற்கு முன்னரும், தாய்ப்பாலை 4 மணித்தியாலத்திற்கு முன்னரும், தெளிந்த நீரை 2 மணித்தியாலத்திற்கு முன்னரும் நிறுத்துவர்; ஆயினும் அவ்வவ் வைத்தியசாலை கூறும் நேரமே முடிவானது. இவ்வெண்ணம் இந்திய வைத்தியத்திற்குப் புதியதன்று. உதடு, மூக்கு ஆகியவற்றை ஒட்டும் முறையைக் கூறிய சுசுருதசங்கிதை, சத்திரகருமத்திற்கு முன் நோயாளியை இலகுவாக உண்பிக்கலாமெனப் பொதுவாகக் கூறியபோதும், வாய்நோய் முதலிய சிலவற்றிற்கு உண்ணாதிருந்தவரிடத்தே சத்திரகருமம் செய்க எனத் தன் சூத்திரத்தானம் 5ஆம் அத்தியாயத்தில் விலக்கு வகுத்துள்ளது.

பசித்தழும் பிள்ளைக்கு இரங்கிப் பாட்டி மறைவாக ஒரு பிஸ்கற்றுக் கொடுப்பது அன்பினாலேயே. ஆயினும் அன்பினாற் கொடுத்த அத்துண்டு உயிரையும் வாங்கக் கூடியது. ஆகவே வீட்டார் அனைவருக்கும் காரணத்தை விளக்கிவிடல் வேண்டும். அறியாமற் கொடுத்துவிட்டால் அஞ்சாது தாதியிடம் சொல்லிவிடல் வேண்டும். அன்றைய சத்திரசிகிச்சை பிற்போடப்படும், வேறு கேடில்லை.

பின்னர் வருவதற்கான ஆயத்தம்

சீன தேசத்திற் சின் மரபினர் ஆட்சியின்போது, 4ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், வெய் யாங்-சி என்னும் இளைஞரின் உதட்டுப் பிளவு திருத்தப்பட்டதாக வரலாறு கூறுகின்றது. நூறு நாட் கஞ்சி மட்டும் உண்டு, பேசாமலும் சிரிக்காமலும் இருத்தல் வேண்டும் என்பது வைத்தியர் அவருக்கு விதித்த நிபந்தனை. அவர் அதற்கு உடன்பட்டார். பிற்காலத்தில் உயர்பதவியும் எய்தினார். இன்று நூறு நாள் வேண்டியதில்லை. ஆயினும் தைத்த இடம் ஆறும்வரை இரண்டு மூன்று வாரம் நீராகவும் குழைவாகவும் உள்ள உணவே தகும். முறுக்கு, பொரித்த அப்பளம், கரும்பு, மீன்முள் என்பன விலக்கத்தக்கன. ஒவ்வொரு முறை உண்டபின்னும் சிறிது நீர் பருகச் செய்து வாயைத் தூய்மையாக்கல் வேண்டும். விரலோ கரண்டியின் கூரோ அண்ணத்திற் படலாகாது. உதட்டின் வடு முதற் சில மாதம் சிவந்து தடித்துத் தோன்றும், ஓராண்டளவில் மங்கும். இதனை முன்னரே அறியாத பெற்றோர் சிகிச்சை பிழைத்ததென மனம் வருந்துவர்.

பள்ளிப் பருவத்திலும் சத்திரசிகிச்சை வருவதுண்டு. பல்லீறும் பிளவுற்றோர்க்கு, வேட்டைப்பல் முளைக்குமுன், ஏறத்தாழ 8 முதல் 11 வயதில், இடுப்பென்பிலிருந்து சிறிது எடுத்து அவ்விடத்தில் நிரப்புவர். வாயிற் சத்திரசிகிச்சை என்று மட்டும் அறிந்த பிள்ளை இடுப்பு நோவுடன் எழுந்தாற் திகைக்கும். அதனையும் முன்னரே சொல்லுதல் கடன்.

ஆசிரியரின் பங்கு

பிளவு திருத்தப்பட்ட பிள்ளை பாடசாலைக்கு வரும்போது ஆசிரியரின் பணி தொடங்குகின்றது. தொண்டையில் ஒலியை வெட்டும் பழக்கத்தை மாற்றப் பேச்சுச் சிகிச்சையாளரின் துணை வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை வைத்திய பீடம் அத்துறையினரைப் பயிற்றி வருகின்றது. கிராமத்திற்கு அவர் நாள்தோறும் வருதல் இயலாது. அவர் வகுத்த பயிற்சியை வீட்டில் தாயும் வகுப்பில் ஆசிரியரும் தொடரலாம். பிறப்பியல் படித்த தமிழாசிரியர்க்கு இது அயலான பணியன்று. ‘பா’ என்னும்போது உதட்டின்முன் பிடித்த காகிதத் துண்டு அசைவதையும், ‘மா’ என்னும்போது அசையாதிருப்பதையும் காட்டினாற் பிள்ளை காற்றின் வழியைக் கண்ணாற் காணும்.

இரண்டாவது பணி வகுப்பை ஆயத்தஞ் செய்தல். பிள்ளை வருமுன்னரே, ‘இவர் வாயில் ஒரு சிகிச்சை செய்து வருகின்றார், சில நாள் மெல்லப் பேசுவார்’ எனச் சக மாணவர்க்குச் சுருக்கமாகச் சொன்னால் வியப்பும் கேலியும் பெரும்பாலும் அடங்கும். பட்டப்பெயரால் அழைப்பதை முதல்நாளே தடுத்தல் வேண்டும். வாசிக்கும் முறை வரும்போது அப்பிள்ளையை இரக்கத்தால் விலக்கிவிடுதல் தகாது. மற்றவரைப் போலவே வாசிக்கச் செய்து பொறுமையோடு கேட்டல் வேண்டும். விலக்கப்பட்ட பிள்ளை பேசாதிருக்கவே கற்கும். மூன்றாவது பணி, சிகிச்சை பெறாது முதலாம் வகுப்புக்கு வரும் பிள்ளையை இனங்கண்டு பெற்றோருக்கு வழிகாட்டல். உதடு நன்றாயிருந்தும் மூக்காற் பேசும் பிள்ளையின் அண்ணத்தை ஒருமுறை வைத்தியரிடம் காட்டச் சொல்லுதல் சிறிய செயலே. அதன் பயன் பெரிது.

ஆக, சத்திரசிகிச்சைக்கான ஆயத்தம் என்பது பெட்டியில் உடுப்பு அடுக்கும் வேலையன்று. பழியின்றிக் குழந்தையை ஏற்றல், சங்கால் ஊட்டி எடையேற்றல், குறித்த நாளைக் காத்தல், உண்மை சொல்லி அச்சம் தீர்த்தல், வெறுவயிறு பேணல், ஆறும்வரை பொறுத்தல், பேசப் பழக்கல் என்னும் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள். இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செல்வத்தையோ பெருங்கல்வியையோ வேண்டுவதன்று. வேண்டுவது காலத்தை அறிதலே. நகரிலாயினும் கதிரவெளியிலாயினும் குழந்தை முதற்சொல் சொல்லும் பருவம் ஒருமுறையே வருவது. அப்பருவம் கடக்குமுன் அண்ணம் மூடப்பெற்ற பிள்ளைக்கு வல்லினம் வல்லினமாகவே வாய்க்கும் வாய்ப்புப் பெரிது.